சீசன் முடிந்த மலையில் நான்கு நாள்

மே மாதம் ஊட்டி மலர்க் காட்சிக்கும் குன்னூர் பழக் காட்சிக்கும் போக வேண்டும் என்று வருடா வருடம் பேசிக்கொள்வோம். எனக்கு லீவு கிடைத்தால் அக்காவுக்குக் கிடைக்காது. இந்த வருடம் இருவருக்கும் சேர்ந்து அமைந்தது ஜூலை முதல் வாரம்தான். "சீசன்தான் முடிஞ்சு போச்சே, இப்பப் போய் மழையையா பார்க்கப் போறீங்க?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. தினமும் இரவு எழுதி வைத்ததை, கால் வலி அடங்குவதற்குள் கொஞ்சம் விரித்து நாள்வாரியாகப் போடுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி: பர்லியார்

ஈரோட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, குன்னூர் பேருந்தில் ஏறினோம். கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். வெயில் அப்படியே இருந்தது, காற்று மட்டும் மாறியது. பர்லியாரில் இறங்கியபோது சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் குவிந்து கிடந்தது.

ஒரு கடைக்காரம்மா கிலோ 350 ரூபாய் சொன்னார். பேரம் பேச மனம் வரவில்லை, அவர் பழம் பொறுக்கிய விதம் அப்படி. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, கல்லாக இருந்ததை ஒதுக்கினார். "கெட்டியா இருந்தா உள்ள கெட்டுப் போயிருக்கும்ங்க. வாங்கறவங்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியுமில்ல" என்றார். அப்புறம் ஒரு பழத்தைக் கவிழ்த்து அக்காவிடம் நீட்டினார். அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு முத்திரை. "இதுல எத்தனை இதழோ, உள்ள அத்தனை சுளை. எண்ணிப் பாருங்க." எண்ணினோம், ஆறு. இரு கையாலும் அமுக்கி ஓட்டைப் பிளந்து காட்டினார். ஊதா ஓட்டுக்குள் வெள்ளை வெளேரென்று ஆறு சுளை. நான் உடைத்த அடுத்த பழத்தின் சாறு தெறித்து அக்காவின் இளமஞ்சள் சேலையில் விழுந்தது. "மங்குஸ்தான் கறை போகாதுங்க அம்மணி" என்று வருத்தத்தோடு சொல்லி, அந்தம்மா தண்ணீர் மொண்டு ஊற்றினார். போகத்தான் இல்லை.

அங்குள்ள அரசுப் பழப் பண்ணைக்குள் போனோம். கோவை கலெக்டராக இருந்த ஈ.பி. தாமஸ் என்பவர் தொடங்கிய தோட்டம் இது, 1871-ல் அரசுக்கு வந்தது. மலாய்த் தீவுகளிலும் இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளிலும் விளையும் மரங்கள் இந்தச் சரிவில் பிழைக்குமா என்று நட்டுப் பார்த்த இடம். ஜாதிக்காய், கிராம்பு, துரியன், மங்குஸ்தான் எல்லாமே அப்படி வந்து வேர் பிடித்தவைதான். மங்குஸ்தான் விதையில் ஒரு விசேஷம் உண்டு. மகரந்தம் சேராமலேயே உண்டாகும் விதை அது, ஆகவே ஒவ்வொரு கன்றும் தாய்மரத்தின் அச்சு. நட்டவர் காய் பார்க்க எட்டு, பத்து வருடமாவது காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்காரர்களை நினைத்துக்கொண்டே மரத்தடியில் நடந்தேன். கிளைகள் தரைவரை தழைந்து, உள்ளே சின்ன அறை மாதிரி இருட்டாக இருந்தது.

ஒரு ஜாதிக்காய் வெடித்துக் கீழே கிடந்தது. எலுமிச்சை நிறத் தோல் இரண்டாகப் பிளந்து, நடுவில் கருப்பு விதை, அதன்மேல் சிவப்பு வலை பின்னியது போல ஜாதிபத்திரி. பிரியாணிக்கு வாங்கும்போது காய்ந்து சருகாக இருப்பதையே பார்த்தவள் நான். இவ்வளவு ரத்தச் சிவப்பாக இருக்கும் என்று தெரியாது. அக்கா அதைத் தொடாமல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரியன் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். துரியன் பழம் குழந்தை வரம் தரும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் தேடி வந்து வாங்குவார்கள். பழம் இன்னும் விழவில்லை என்று ஊழியர் சொல்ல, "பரவால்லைங்க, நாளைக்கும் வர்றோம்" என்று அந்தப் பையன் சொன்னான். ஊழியர் அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, விழுந்தால் கூப்பிடுகிறேன் என்றார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது.

பட்டாம்பூச்சிகளை வேலியோரம்தான் பார்த்தேன். தோட்டத்தில் யாரும் நடாத உண்ணிச்செடிப் புதரில், உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒன்று வந்து தொங்கியது. முன்சிறகு கன்னங்கருப்பு, பின்சிறகில் தங்க மஞ்சள். சதர்ன் பேர்ட்விங். தேன் குடிக்கும்போதும் முன்சிறகுகள் துடித்துக்கொண்டே இருந்தன, முழுப் பாரத்தையும் பூமேல் போடக் கூடாது என்பது போல. 1932-ல் அளந்த இந்த இனத்துப் பெண் பூச்சி ஒன்றின் 190 மில்லிமீட்டர் சிறகு விரிப்புதான் இந்தியாவிலேயே பெரியது என்று 88 வருடம் கணக்கில் இருந்தது. 2020-ல்தான் உத்தரகண்டில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் 194 மில்லிமீட்டரோடு அதைத் தாண்டியது. இதன் புழு தின்பது ஈஸ்வரமூலிக் கொடியின் இலையை. கொடி இருக்கும் வரைதான் இதுவும் இருக்கும்.

ஓடைக்கரை ஈர மணலில் செம்பழுப்பு நிறத்தில் ஏழெட்டு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு உப்பு உறிஞ்சிக்கொண்டிருந்தன. தமிழ் மறவன்! 2019-ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்ததிலிருந்து நேரில் பார்க்க ஆசைப்பட்ட பூச்சி. மண்டியிட்டுப் படம் எடுத்துவிட்டு எழுந்தால் இரண்டு கணுக்காலிலும் அட்டை. அக்கா பையில் பொட்டலம் கட்டி வைத்திருந்த உப்பைத் தூவி உதிர்த்தாள். ரத்தம் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று.

மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பாடு, 90 ரூபாய். பலாக்கொட்டை போட்ட குழம்பு. இரண்டாவது முறை கேட்காமலேயே ஊற்றினார்கள்.

ஜூலை 5, சனி: குன்னூர், சிம்ஸ் பூங்கா

எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை, அத்தனை பனிமூட்டம். தங்கிய இடத்தில் வெந்நீர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர், அதுவும் கை மரத்துப்போகும் குளிரில். பக்கத்து வீட்டு அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் டீக்கடைக்கு வழி கேட்க, பேச்சு வெந்நீருக்குப் போக, "இருங்க" என்று உள்ளே போனவர் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஆவி பறக்கக் கொண்டுவந்து கொடுத்தார். பணம் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. நான் அதை எடுத்திருக்கக் கூடாது. கிளம்பும்போது மங்குஸ்தானில் பாதியைக் கொடுத்தோம், அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சிம்ஸ் பூங்கா 1874-ல் உருவானது. ஜே.டி. சிம், மேஜர் மர்ரே என்ற இருவரின் முயற்சி. சுமார் 12 ஹெக்டேர். ஒரு பள்ளத்தாக்கை வெட்டிச் சமன்படுத்தாமல், அதன் வளைவிலேயே படியும் பாதையுமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே முன்பே நின்ற சோலை மரங்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே எனக்கு ஊட்டித் தோட்டத்தைவிட இது ஒரு படி மேல். காமெலியாவுக்கும் மரப் பெரணிக்கும் நடுவே நடக்கிறபோது தோட்டத்தில் இருக்கிறோமா காட்டில் இருக்கிறோமா என்று சந்தேகம் வருகிறது.

மக்னோலியா மரத்தில் தட்டகலத்துக்கு ஒரு வெள்ளைப் பூ, தலைக்கு மேலே. நம் செண்பகத்தின் சொந்தக்காரி. அடியில் உதிர்ந்து கிடந்த இதழ் ஒன்றை எடுத்தேன். தோல் மாதிரி தடித்து, கரண்டி மாதிரி குழிந்து, எலுமிச்சையும் பாலும் கலந்த வாசனை. விரல் பட்ட இடமெல்லாம் சற்று நேரத்தில் பழுப்பாகிவிட்டது. பாதையோரம் ஹைட்ரேஞ்சியா உருண்டைகள் நீல நிறத்தில். புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும், சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் இளஞ்சிவப்பாகும். அக்கா ஈரோட்டில் தொட்டியில் வைத்தது ரோஸ் நிறத்தில் பூத்து, நர்சரிக்காரரோடு சண்டைக்கே போனாள். இன்று அவரை மன்னித்துவிட்டாள்.

அப்புறம் ருத்ராட்ச மரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப் போகிறேன்.

மரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்து, பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நாங்கள் ஓய்வுக்காக உட்கார்ந்ததால் தரையைப் பார்த்தோம். ஈரச் சருகுக்கு நடுவே கோலிக்குண்டு மாதிரி நீல உருண்டைகள். மயில் கழுத்து நீலம் என்று சொன்னால் கிட்ட வரும். "மிதிச்சுராத!" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஆண்டு முழுக்க சோமவார விரதம் இருப்பவள், ஆனால் ருத்ராட்சம் பழுப்பு மணியாகவே பிறக்கும் என்று நினைத்திருந்தாள். காவலாளி வந்தார். மரத்தில் கை வைக்கக் கூடாது, கீழே கிடப்பதில் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். நீலத் தோல் காகிதத்தைவிட மெல்லியது. அதற்கடியில் பசுமஞ்சள் சதை, புளிப்பு வாடை. சதையை வழித்து எடுத்துப் பாட்டில் தண்ணீரில் கழுவக் கழுவ, மேடும் பள்ளமுமாகக் கொட்டை வெளியே வந்தது. பள்ளங்களுக்குள் சிக்கியிருந்த நாரை அக்கா சேலை ஊக்கால் நோண்டி எடுத்தாள். கோடுகளை எண்ணினோம், ஐந்து முகம். அதுதான் அதிகம் விளைவது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் விரலில் நீலம் ஒட்டவே இல்லை. நாவல்பழம் தின்றால் நாக்கு இரண்டு நாள் சொல்லும். இதில் ஒரு துளிகூட இல்லை.

காரணம் இருக்கிறது. அந்தப் பழத்தில் நீலச் சாயமே கிடையாது. தோலில் அடுக்கடுக்காக உள்ள மிக நுண்ணிய படலங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. அடுக்கு கலைந்தால் நிறமும் போய்விடும். பழம் விழுந்து நாளாகியும் நீலம் மங்காமல் இருப்பது, அந்த அடுக்கு கலையாமல் இருப்பதால்தான். பட்டாம்பூச்சிகள் பலவற்றின் சிறகில் உள்ள நீலமும் இதே வித்தைதான்.

அதைச் சொல்லி முடிக்கவும் மேகம் விலகி வெயில் வந்தது. காலையிலிருந்து ஒரு பூச்சியைக்கூடக் காணோமே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். உடம்பு சூடேறாமல் அவற்றால் பறக்க முடியாது, இலைக்கடியில் மூடிக்கொண்டு காத்திருந்திருக்கின்றன. கல்படியில் ஒன்று வந்து சிறகை விரித்து உட்கார்ந்தது. கருநீலச் சிறகு, ஓரத்தை ஒட்டி வெளிர்நீலப் பட்டை. புளூ அட்மிரல். சிறகை மூடியதும் ஆளே காணாமல் போய்விட்டது, அடிப்பக்கம் அச்சு அசல் மரப்பட்டை. திறக்கும், நீலம். மூடும், பட்டை. அக்கா ருத்ராட்சப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மொத்தம் இருபது நிமிட வெயில். அதற்குள் வெள்ளைப் பூச்சிகள் நாலைந்தும் வந்து போயின. மறுபடி மூட்டம்.

பக்கத்தில் உள்ள பழவியல் நிலையத்தில் பெர்சிமன் இன்னும் பாதி பச்சையாகவே தொங்கியது. பார்க்கத் தக்காளி மாதிரி, இப்போது கடித்தால் வாயெல்லாம் துவர்க்கும். ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாம் வாங்கினோம்.

சாயங்காலம் மார்க்கெட்டில் விக்கிப்பழம் வந்திருந்தது. கூறு 30 ரூபாய். மேலே மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவித் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். புளிப்பில் கண் தானாக மூடிக்கொண்டது. கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துப் பார்த்தால், காலையில் கழுவிய ருத்ராட்சத்தின் தங்கை மாதிரி மேடும் பள்ளமும். இரண்டும் ஒரே பேரினம்தான், எலியோகார்ப்பஸ். ஒன்று கழுத்துக்குப் போகிறது, இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்க்குப் போகிறது.

ஜூலை 6, ஞாயிறு: ஊட்டி

மழை. குடையைத் திருப்பிப் போடும் காற்று. அக்காவின் முட்டி வீங்கியிருந்தது, சூடான வர்க்கியும் டீயுமாகக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். வர்க்கியை டீயில் தோய்க்காமல் சாப்பிட்டால் கடைக்காரர்களுக்கே மனசு கேட்பதில்லை. "நனைச்சுச் சாப்பிடுங்கம்மா" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

தாவரவியல் பூங்கா 55 ஏக்கர், தொட்டபெட்டா அடிவாரச் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. இதன் தொடக்கம் காய்கறி. இங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் போட்டார்கள். அது சரிவரவில்லை. 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த பிறகுதான் சதுப்பை வடித்து, புல்வெளி பரப்பி, இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை நீலகிரியில் பயிராக்கியதும் அவர் மேற்பார்வையில்தான்.

உண்மையைச் சொல்கிறேன், உள்ளே நுழைந்ததும் மனசு சோர்ந்துவிட்டது. படங்களில் பார்த்த பாத்திகளில் பாதி வெறும் மண். மே மாதக் கூட்டம் மிதித்த புல்வெளியைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். "திரும்பிடலாமா?" என்றேன். அக்காதான், மழைக்கு ஒதுங்குவதற்காக நர்சரிப் பக்கம் நடந்தாள்.

அங்கே பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனுக்கான வேலை. சால்வியா, மேரிகோல்டு, டேலியா. ஒரு அம்மா நாற்றை எடுக்கும்போது தண்டைத் தொடவே இல்லை, ஒரு இலையை மட்டும் பிடித்துத் தூக்கினார். "தண்டு நசுங்குனா செத்துரும் கண்ணு. இலை போனா வேற இலை வரும்." கட்டைவிரலால் ஒரு குழி, நாற்றை இறக்கி, சுற்றிலும் நாலு அமுக்கு, அடுத்த தொட்டி. இருபது நொடிகூட ஆகவில்லை. நகங்களுக்குள் மண் கருப்பாக ஏறியிருந்தது, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "பூ வந்தப்புறம் வந்து எடு" என்றார். பூ வரும்போது இவர்களை யாரும் எடுப்பதில்லை. மண்ணில் புதைந்த அந்தக் கையை மட்டும் எடுக்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்ததிலேயே எனக்கு முக்கியமான படம் அது.

மழை விட்டதும் மேலே ஏறினோம். 2 கோடி வருடம் பழமையான கல்மரம், குரங்குகூட ஏறாது என்கிற ஊசி இலைமரம், தடித்த பட்டை கொண்ட கார்க் மரம். தோட்டத்துக்கு வெளியே மலை முழுக்கக் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் அழகுக்கும் கொண்டுவந்த இந்த மரங்களும் சீகை (வாட்டில்) மரங்களும் நீலகிரியின் புல்வெளிகளை எவ்வளவு தின்றுவிட்டன என்பதை நினைத்தால் வலிக்கிறது. தோட்டத்துச் சரிவுக்கு மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. அந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்த மக்கள் அவர்கள். வீட்டுக்கு முன் நின்று படம் பிடிக்க மனம் ஒப்பாமல் தூரத்திலிருந்தே திரும்பினோம்.

இறங்கும் வழியில் ஒரு கல் சுவரோரம் தொட்டால் தீயாய் எரியும் செந்தட்டி இனத்துச் செடிகள். ஒரு இலை தையல் போட்டது போல மடிந்திருந்தது. குச்சியால் மெல்ல விலக்கினால் உள்ளே கருப்பு முள்ளுப் புழு ஒன்று சுருண்டிருந்தது. ரெட் அட்மிரலின் புழு இப்படித்தான் இந்தச் செடியின் இலையை மடித்துக் கூடாரம் போட்டுக்கொள்ளும். பத்தடி தள்ளி, ஈரச் சுவரில் தாயோ பங்காளியோ ஒன்று ஆரஞ்சுப் பட்டைச் சிறகை விரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு தோட்டக்காரர் களைக்கொத்தோடு அந்தப் பக்கம் வந்தார். புழுவைக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். "இத்தனை வருசமா வெட்டிப் போட்டுட்டு இருக்கேனே" என்று மெதுவாகச் சொன்னார். பாதைப் பக்கம் நீட்டியதை மட்டும் வெட்டிவிட்டு, சுவரோரத்தை விட்டுப் போனார். நாளைக்கு வேறொருவர் வந்து வெட்டலாம். இன்றைக்கு விட்டார்.

ஜூலை 7, திங்கள்: இறக்கம்

காலையில் கிளம்பிய பேருந்து குன்னூர் தாண்டி, பர்லியாருக்கு முன்னால் ஒரு வளைவில் நின்றுவிட்டது. முன்னால் நீள வரிசை. பலாப்பழக் காலத்தில் யானைகள் இந்தச் சாலைக்கு ஏறி வருவது வழக்கம். எங்களுக்கு அது இன்று அமைந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "யாரும் கீழ இறங்காதீங்க, ஹாரன் அடிக்கச் சொல்லாதீங்க" என்று நடத்துநர் ஒவ்வொரு இருக்கையாக வந்து தணிந்த குரலில் சொன்னார். ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. பின்னால் இருந்த ஒருவர் தன் வாழைப்பழத்தை உரித்து அதன் அம்மாவிடம் நீட்டினார். ஐம்பது நிமிடம். மரம் முறியும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பெரியதும் குட்டியுமாக மூன்று, சாலையைக் கடந்து கீழ்ச் சரிவில் இறங்கின. என் இருக்கையிலிருந்து பெரியதன் முதுகு மட்டும் தெரிந்தது.

வண்டி மெதுவாக நகர்ந்தது. தார்ச்சாலை முழுக்கப் பலா மணம். மிதிபட்ட சக்கை, சிதறிய கொட்டைகள், பிளந்த ஓடு ஒன்று சாலையோரத்தில். அந்த ஓட்டுக்குள் மஞ்சள் சதைமேல் பழுப்புப் பட்டாம்பூச்சிகள் ஐந்தாறு, சிறகை மூடிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தன. பேருந்து ஒட்டிப் போனபோதும் எழவில்லை. "என்ன பூச்சி அது?" என்று அக்கா கேட்டாள். பார்ப்பதற்குள் வளைவு திரும்பிவிட்டது.